முதல் மூன்று நாள்: வாசகர் கேள்வி – பதில்

சிறைப்பணி பற்றியும் குடிமீட்பு பற்றியும் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பதில் எழுதுபவர்கள் இரண்டு பணியையும் பக்கத்திலிருந்து அறிந்தவர்கள். கடிதம் எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு 44 வயசு. கொத்தனார் வேலை. காலையில எழும்பினதும் ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நடுக்கம் நிக்கும். ஜெபவீட்டு ஐயா, "மூணு நாள் உபவாசத்துல கொண்டு விடு, பச்சத்தண்ணி மட்டும் குடுப்போம், எல்லாம் ஒரே அடியா நின்னுரும்"னு சொல்றாங்க. கொண்டு விடட்டுமா?
– வாசகி, திங்கள்சந்தை

பதில்: சகோதரி, ஜெபத்துக்குக் கூட்டிப் போங்கள். உபவாசத்துக்கு மட்டும் இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தில் எங்களைப் பயப்படுத்தியது "காலையில கை நடுக்கம்" என்ற வார்த்தைதான். விழித்தவுடன் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்றால், அவருடைய உடம்பு சாராயத்துக்குப் பழகி அதை வைத்தே ஓடுகிறது என்று அர்த்தம். அதைத் திடீரென்று நிறுத்தினால் நரம்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் போகும்.

நடக்கும் முறை இதுதான். கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நாலாம் நாள் வரை சிலருக்குப் புத்தி பேதலிக்கும். சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டுவார்கள், செத்துப்போன அப்பாவிடம் பேசுவார்கள், நாள் கிழமை தெரியாது, காய்ச்சல் ஏறும், ஓடப் பார்ப்பார்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் இந்தக் கட்டத்தில் உயிரே போகலாம். மூன்று நாள் உபவாசம் சரியாக இந்த நாட்களில்தான் வந்து விழுகிறது.

இன்னொரு ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. மூன்றாம் நாள் ராத்திரி அவர் இல்லாத ஆளோடு பேசும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் "பிசாசு வெளியே வருது" என்று சொல்லிவிடுவார்கள். பிடித்து அமுக்குவார்கள், கட்டுவார்கள், சத்தமாக ஜெபிப்பார்கள். சத்தமும் பிடிவலியும் அந்த நிலையை இன்னும் மோசமாக்கும். அவருக்கு அப்போது வேண்டியது மங்கலான வெளிச்சம், தெரிந்த ஒரு முகம், மெதுவான பேச்சு, கூடவே ஊசி மருந்து. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி சிகிச்சையில் இருப்பவரைச் சங்கிலியால் கட்டுவது எந்த வகையிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததை நம் பக்கத்து ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது: ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே கூட்டிப் போங்கள். "குடியை நிறுத்தப் போகிறார், காலையில் நடுக்கம் உண்டு" என்று முதலிலேயே சொல்லுங்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையைச் சில நாட்களுக்குக் கொடுத்து அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள். குடியும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

அக்கம்பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனால் "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். வருஷக்கணக்காகக் குடித்து, சரியாகச் சாப்பிடாதவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதை ஈடுகட்டாமல் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கும். நடை தள்ளாடும், கண் சரியாக அசையாது, ஞாபகம் போய்விடும். "இவர் குடிநோயாளி, பி1 ஊசி முதலில் வேண்டுமா டாக்டர்?" என்று ஒரு வரி கேட்டால் போதும்.

வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவி திணிக்க வேண்டாம், வாயில் கரண்டி வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மடித்த துணி வைத்து, நேரத்தைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலேயே அடுத்தது வந்தாலோ அது பெரிய அவசரம். நிறுத்திய நாட்களில் வரும் வலிப்பு என்றால் 5 நிமிஷம் வரைகூடக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஜெபவீட்டு ஐயாவிடம் சண்டை போட வேண்டாம். "அவருக்குப் பதிலா நாம மூணு நாள் உபவாசம் இருப்போம் ஐயா, அவர் ஆஸ்பத்திரியில கஞ்சி குடிக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல ஊழியர் என்றால் ஆஸ்பத்திரிக்கே வந்து ஜெபிப்பார். சந்தேகம் கேட்க 14446 என்ற போதைமீட்பு இலவச எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416-ம் உண்டு.

கேள்வி: "குடி நிறுத்தும் பொடி" என்று தபாலில் வருகிறது. சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கூடாது. அப்படி விற்கும் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. டாக்டர்கள் எழுதித் தரும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இருதயக் கோளாறு உள்ளவருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இருதயத்தையும் கல்லீரலையும் பரிசோதித்து, நோயாளியிடம் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே கொடுப்பார்கள். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்தால், அவர் வழக்கம்போல் கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் அடிப்பார். அப்புறம் நடப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. உயிருக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், வீட்டுச் சாப்பாட்டின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை போய்விடும். அது திரும்ப வர ரொம்பக் காலம் ஆகும்.

கேள்வி: எங்கள் சபையில் திருவிருந்துக்கு வீட்டிலேயே போட்ட திராட்சரசம். குடியை விட்டு ஐந்து மாதமான ஒரு சகோதரர் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறார். கிண்ணம் வரும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் பார்க்கிறார்கள்.
– சபை ஊழியர், மயிலாடி

பதில்: அவர் செய்வதுதான் சரி. அந்த மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ஆனாலும் சாராயம் பட்டால் உடம்பு காட்டும். ஒரு மடக்கு நாட்டு ஒயினும் சாராயம்தான். மாத்திரை சாப்பிடாதவருக்கும் அந்த வாசனையே பழைய கதவைத் திறந்துவிடும்.

ரசத்தை மாற்றுவது எளிது. சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு ஜாடியில் மூடி வைப்பதால்தான் அது ஒயினாகிறது. ஈஸ்ட் போடாவிட்டாலும் திராட்சைத் தோலிலேயே நுரைக்க வைக்கும் கிருமி உண்டு. நம்ம ஊர் வெயிலில் ஒரே நாளில் வேலையைக் காட்டிவிடும். பன்னீர் திராட்சை 1 கிலோவைக் கழுவி, அரை லிட்டர் தண்ணீரில் 10 நிமிஷம் கொதிக்க விட்டு, மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடித்ததை மறுபடி ஆவி பறக்கச் சூடாக்கி, கொதிநீரில் போட்டு எடுத்த பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். சனிக்கிழமை செய்து பிரிட்ஜில் வைத்தால் ஞாயிறுக்குக் கச்சிதம். மூடி திறக்கும்போது "புஸ்" என்றால் கொட்டிவிடுங்கள். சபை முழுவதும் இதையே பயன்படுத்தினால் அவருக்குத் தனிக் கிண்ணம் தேவையில்லை. தனிக் கிண்ணம் வைப்பது அவர் நெற்றியில் எழுதி ஒட்டுவது மாதிரி.

கத்தோலிக்க வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அப்பத்தின் வடிவில் மட்டும் நற்கருணை வாங்கினாலே முழுமை என்பது திருச்சபையின் போதனை. பங்குத்தந்தை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கும் வழக்கம் உள்ள இடங்களில் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் வாலிபர் சங்கம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவில் ஜெயிலில் ஒரு ஆராதனை நடத்த ஆசை. 25 பேர் வருகிறோம். பாட்டு, நாடகம், கேக் எல்லாம் தயார். எப்படி அனுமதி வாங்குவது?
– செயலாளர், கருங்கல்

பதில்: ஆசை நல்லது. 25 பேர் அதிகம், நாடகம் வேண்டாம், கேக்கைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

அனுமதி: சபையின் லெட்டர்பேடில், போதகர் கையெழுத்தோடு, சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள். வருபவர்களின் பெயர், வயது, முகவரி, ஆதார் நகல், நிகழ்ச்சி நேரம், கொண்டுவரும் பொருட்களின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே தாளில் போடுங்கள். மேலதிகாரி அனுமதி வேண்டுமா என்பதை அங்கேயே சொல்வார்கள். டிசம்பரில் எல்லாச் சபைக்கும் ஒரே நேரத்தில் ஜெயில் ஞாபகம் வரும். அதனால் அக்டோபர் கடைசியிலேயே மனு போடுங்கள். இல்லையென்றால் ஜூலையில் போகலாமே? ஜூலையில் யாரும் வருவதில்லை.

ஆட்கள்: 8 பேர் போதும். பட்டியலில் இல்லாத ஒருவர் கூட வந்தால் வாசலில் மொத்தக் குழுவுக்கும் தாமதம். பெண் கைதிகளிடம் பெண்கள்தான் போக வேண்டும்.

பைகளைக் காலி செய்துவிட்டுப் போங்கள். போன், ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ், பணம், பிளேடு, தீப்பெட்டி, பீடி எதுவும் கூடாது. எல்லோரும் மறக்கும் சில உண்டு: சேலையில் குத்திய ஊக்கு, கித்தார் உறையின் பக்கப் பையில் கிடக்கும் உதிரிக் கம்பி, தலைவலி மாத்திரை. பைபிள் கொடுப்பதாக இருந்தால் உள்ளே எந்தத் தாளும் சொருகாமல் கொடுங்கள். பிரித்துப் பார்ப்பார்கள், அது அவர்கள் வேலை. ஆர்.சி. குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் திருவிவிலியம், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே பிள்ளைகளுக்குப் பழைய திருப்புதல் (பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம்) என்று இரண்டிலும் சில பிரதிகள் வேண்டும். பெரிய எழுத்தாக இருக்கட்டும். கண்ணாடி இல்லாமல் உள்ளே வந்தவர்கள் நிறைய.

கேக்: குமரியில் பேக்கரி பிளம் கேக் பலதிலும் பழத்தை ரம்மில் ஊற வைப்பார்கள். உள்ளே இருப்பவர்களில் குடியால் வந்தவர்களே அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். உறை பிரிக்காத கடைச் சரக்கையே பெரும்பாலும் அனுமதிப்பார்கள். கைதிகள் எண்ணிக்கையைக் கேட்டு, வார்டர்களுக்கும் சேர்த்து, பத்து கூடுதலாக வாங்குங்கள். வாய்தா முடிந்து சாயங்காலம் திரும்பி வருபவர்களுக்குப் பங்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். "எனக்கு மட்டும் இல்லை" என்பது உள்ளே பெரிய வலி.

ஆராதனை: காலை 10 மணிக்குத் தொடங்கினால் 11-க்கு முடியுங்கள். எல்லா மதத்தாரும் வந்து உட்காருவார்கள். விருப்பமில்லாதவர் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த கீர்த்தனை மூன்று போதும். உங்கள் சங்கத்துப் புதுப்பாட்டை அவர்கள் சேர்ந்து பாட முடியாது. பிரசங்கம் 12 நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். சிலுவையில் மனந்திரும்பிய கள்ளன் கதையை விட்டுவிடுங்கள். வருகிற ஒவ்வொரு குழுவும் அதைத்தான் எடுக்கிறது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். அவர்களைப் பார்த்து "நீங்கள் செய்த பாவம்" என்று தொடங்கினால் அந்தக் கணமே காது மூடிக்கொள்ளும். பைபிளில் பிலேமோன் நிருபம் மொத்தமே 25 வசனம். பவுல் காவலில் இருந்துகொண்டு, ஓடிப்போன ஒனேசிமுவைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும்படி அவன் எஜமானுக்கு எழுதியது. முழுதையும் வாசித்துவிட்டு, "வெளியே உங்களைத் திரும்ப ஏற்க வேண்டியவர் யார்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அங்கே அமைதி வரும். அந்த அமைதியைப் பேசி நிரப்பாதீர்கள்.

"என்ன கேஸ்?" என்று கேட்காதீர்கள். அவராகவே "நான்தான் செஞ்சேன்" என்று சொல்லத் தொடங்கினால், "அதை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்" என்று நிறுத்துங்கள். வெளியாளிடம் சொன்ன ஒப்புதலையும் நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம், உங்களைக் கூண்டில் ஏற்றலாம். குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிய வந்தால் மட்டும் மறைக்க முடியாது. போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவு தெரிந்த எவரையும் புகார் செய்யச் சொல்கிறது, போதகர் உட்பட. துண்டுச்சீட்டு வாங்கி வெளியே கொண்டு வராதீர்கள், "அம்மாட்ட குடுங்க" என்றாலும் சரி. போன் நம்பர் கொடுக்காதீர்கள். "இயேசுவை ஏற்றுக்கொண்டேன்" என்ற தீர்மான அட்டையில் கையெழுத்து வாங்காதீர்கள். அடைபட்டவன் சொல்லும் "ஆமாம்" எவ்வளவு சுதந்திரமானது என்பது யாருக்கும் தெரியும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட முடியாது என்பதால் வருகிறவர்கள் எண்ணிக்கை தானாகவே 8-க்கு இறங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஜனவரியில் திரும்பப் போவது. மாதம் ஒரு முறை, அதே மூன்று பேர். முகம் மாறிக்கொண்டே இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: திருட்டு வழக்கில் தம்பி ரிமாண்டில். ஜாமீன் கிடைத்து 12 நாளாகிறது. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்கிறார்கள், எங்களுக்கு ஆள் இல்லை. சபைச் செயலாளர் கையெழுத்துப் போடத் தயார், ஆனால் பயப்படுகிறார்.
– வாசகர், அருமனை

பதில்: செயலாளரின் பயம் நியாயமானதுதான். ஜாமீன்தாரர் என்றால் தம்பி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவார் என்று உறுதி தருபவர். வராவிட்டால் பத்திரத்தில் எழுதிய தொகையை அவரிடம் கேட்பார்கள். பணம் போகலாம். அதைக் கட்டாமலும் வசூலிக்க முடியாமலும் போனால் ஆறு மாதம் வரை சிவில் சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. சபை உறுப்பினராகத் தனிப்பட்ட முறையில் போடட்டும், சபைச் சொத்தைக் காட்டக் கூடாது. நீதிமன்றங்கள் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று கேட்பதுண்டு. அப்படியானால் நீங்கள் ஒருவர், அவர் ஒருவர். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துப் போங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியது வேறொன்று. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 ஜனவரி 31-ல் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு மாதமாகியும் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். 12 நாளாகிவிட்டதால், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஜாமீன் உத்தரவு நகலோடு நாளைக்கே போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போனில் கேட்க 15100. பணப் பிணை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு மத்திய அரசின் உதவித் திட்டம் ஒன்று 2023 முதல் இருக்கிறது. 2023-ல் வகுத்தபடி விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று இருந்தது; இப்போதைய தொகையை ஆணைக்குழுவில் கேளுங்கள். போதைப்பொருள் வழக்குகளுக்கு இது பொருந்தாது.

இன்னும் ஜாமீனே கிடைக்காதவர்களுக்கு இரண்டு தேதிகள் முக்கியம். 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனு போட்டிருக்க வேண்டும். ஜெயிலில் ஆளைப் பார்க்கப் போகும்போது பிஸ்கட்டோடு ஒரு காலண்டரும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: மகனுக்கு 19 வயசு, கஞ்சா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.
– வாசகர், தக்கலை

பதில்: சிகிச்சைக்கு வந்தவரைப் பிடித்துக் கொடுப்பது டாக்டரின் வேலை அல்ல. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பே தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். விற்பவனுக்கு இது கிடையாது. "கூட்டாளிக்கு வாங்கிக் கொடுத்தேன்" என்பதும் சட்டத்தின் கண்ணில் விற்பதற்குப் பக்கம்தான் என்று பையனுக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எங்கள் சபை அண்ணன் ஒருவர் மூன்று வருஷ தண்டனை முடிந்து பாளையங்கோட்டையிலிருந்து அடுத்த மாதம் வருகிறார். அந்த ஞாயிறே மாலை போட்டு, சாட்சி சொல்ல வைக்கலாம் என்று கமிட்டி சொல்கிறது.
– வாசகர், குலசேகரம்

பதில்: மாலையும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். ஒரு வருஷம் போகட்டும். மேடையில் "நான் விடுதலையானேன்" என்று சொன்னவர், பிறகு சறுக்கினால் அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மறைந்தே போவார். அவர் சம்பந்தப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பம் உங்கள் சபையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முதலில் அவர்களைப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒப்புரவு செய்து வைக்கிறோம் என்று இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். அது எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும்.

கமிட்டி செய்யக்கூடிய உருப்படியான வேலை, விடுதலை நாளில் வாசலில் ஒரு ஆள் நிற்பது. பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் சுமார் 80 கிலோமீட்டர். தாள் வேலை முடிந்து அவர் வெளியே வரச் சாயங்காலம் ஆகலாம். அப்போது வாசலில் நிற்பது பழைய கூட்டாளிகளா, சபைக்காரரா என்பதில் பாதி விஷயம் முடிவாகிவிடும். பஸ்ஸில் தனியே அனுப்பாதீர்கள். சிறையில் செய்த வேலைக்கான கூலி அவர் சட்டைப்பையில் இருக்கும். வழியிலெல்லாம் டாஸ்மாக் இருக்கும். போகும்போது ஒரு செருப்பு, இடுப்பளவு தெரியாததால் பேன்ட்டுக்குப் பதில் வேட்டி, ஒரு சட்டை கொண்டு போங்கள்.

முதல் மூன்று ராத்திரி தூங்க மாட்டார். உள்ளே ராத்திரி முழுக்க விளக்கு எரியும், நாலு பக்கமும் ஆள் இருக்கும். வீட்டில் இருட்டும் தனிமையும் அவரை உலுக்கும். ஒரு சின்ன விளக்கைப் போட்டு வையுங்கள். கதவை வெளியிலிருந்து தாழ் போடாதீர்கள், பாதுகாப்புக்காக என்றாலும். உள்ளே போகும் முன் போதை ஊசி, மாத்திரைப் பழக்கம் இருந்தவர் என்றால் வீட்டாருக்கு ஒன்று சொல்லுங்கள்: அவர் உடம்புக்கு இப்போது பழைய தாங்கும் சக்தி கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் போட்ட அதே அளவைப் போட்டால் செத்துப்போவார். விடுதலைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரம் இதற்காகவே பயப்பட வேண்டிய காலம்.

முதல் வாரத்துக்குள் தாள்களைப் பாருங்கள். விடுதலைச் சான்றிதழ் நகல் எடுத்து வைக்க வேண்டும். பழைய சிம் போயிருக்கும். ஆதாரோடு இணைந்த நம்பர் அதுவாக இருந்தால் புது நம்பரை ஆதார் மையத்தில் போய்த்தான் மாற்ற வேண்டும், ஓ.டி.பி. வராது. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். பாஸ்புக், ஆதாரோடு கிளைக்குப் போய் கே.ஒய்.சி. கொடுத்தால் திறப்பார்கள், அபராதம் இல்லை. வேறு வழக்கில் நிபந்தனைக் கையெழுத்து பாக்கி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். மறந்து போன ஒரு வாய்தாவுக்கு வாரண்ட் கிளம்பித் திரும்ப உள்ளே போனவர்கள் கொஞ்சம் பேர் அல்ல.

வேலை: உங்கள் ஊரில் ரப்பர் பால் வெட்டத்தான் கூப்பிடுவார்கள். நல்ல வேலை. ஆனால் விடியுமுன் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். டாஸ்மாக் திறப்பதும் மத்தியானம் 12-க்குத்தான். அந்தச் சாயங்கால நேரத்தை நிரப்ப இன்னொரு வேலையோ, கூட ஒரு ஆளோ வேண்டும். மழைக்கு வெட்டு நிற்கும் நாட்களிலும் இதே கதை. மேற்குக் கடற்கரைச் சபைகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையான மீன்பிடித் தடைக்காலமும், ஆழ்கடல் போய் வந்து பங்குப் பணம் கைக்கு வரும் நாளும் இப்படித்தான். கூலியை வாரம் ஒரு தரம் கொடுக்கச் சொல்லுங்கள், அவர் சம்மதித்தால் பாதி வீட்டுக்கு. சபை உண்டியல் சாவியை அவரிடம் கொடுத்து நம்பிக்கையைக் காட்டப் போகிறோம் என்று யாராவது சொன்னால் தடுங்கள். பத்து ரூபாய் குறைந்தாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவரைத்தான்.

கேள்வி: சிறைப்பணிக்குப் பாதுகாவலர் என்று யாரைச் சொல்வது? நம் தேவசகாயத்தைச் சொல்லலாமா?
– அன்பியப் பொறுப்பாளர், கோட்டாறு

பதில்: 1981-ல் கேரளத்தில் தொடங்கிய கத்தோலிக்கச் சிறைப்பணி இயக்கமான பிரிசன் மினிஸ்ட்ரி இந்தியா, புனித மாக்சிமிலியன் கோல்பேயைப் பாதுகாவலராக வைத்திருக்கிறது. ஆஷ்விட்ஸ் முகாமில் வேறொரு கைதிக்குப் பதிலாகச் சாவை ஏற்று 1941 ஆகஸ்ட் 14-ல் இறந்தவர். போதையில் சிக்கியவர்களும் அவரையே வேண்டிக்கொள்கிறார்கள். தேவசகாயம் பிள்ளை 1749-ல் கைதாகி, திருவிதாங்கூர்க் காவலில் மூன்று வருஷம் கழித்து, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டவர். 2022 மே 15-ல் புனிதரானார். நம் மாவட்டத்துக் கைதிக்கு இவர் கதைதான் பக்கத்தில் நிற்கும். காவலில் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் செய்ததுதான் இன்று உங்கள் அன்பியம் (பங்கின் சிறு குடும்பக் குழு) செய்ய வேண்டியது.

கேள்வி: எங்கள் சபை ஹாலில் ஏ.ஏ. கூட்டம் நடத்த இடம் கேட்கிறார்கள். "எல்லா மதத்தாரும் வருவார்கள், ஜெபம் கட்டாயமில்லை" என்கிறார்கள். கமிட்டி தயங்குகிறது. கொடுத்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– போதகர், இரணியல்

பதில்: கொடுங்கள் ஐயா. ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் பேசத் தொடங்கியதில் பிறந்தது. அது எந்தச் சபையையும் சேர்ந்ததல்ல. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் உறுப்பினராகத் தகுதி. குடியிலிருந்து மீள அவர்கள் வைத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் தங்களுக்குப் புரிந்த அளவில் கடவுளைப் பற்றிப் பேசுகிறார்கள். அதைத் திருத்தப் போக வேண்டாம். படிகளில் ஐந்தாவது தவற்றை இன்னொரு மனிதனிடம் வாய்விட்டுச் சொல்வது, ஒன்பதாவது தீங்கு செய்தவர்களுக்கு ஈடு செய்வது. நம் சபைகளில் வேகமாகத் தாண்டிப் போகும் இரண்டு இடங்கள் இவைதான்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாடகை வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டாதீர்கள். யாரிடமும் கை நீட்டாமல் தங்கள் செலவைத் தாங்களே பார்ப்பது அவர்கள் கொள்கை, மாதம் ஒரு சிறு தொகை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போய்த் தலைமை தாங்காதீர்கள், யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்காதீர்கள், பதிவேடு வைக்காதீர்கள். நாற்காலியை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போட விடுங்கள். கட்டன் சாயாவுக்கு ஒரு அடுப்பு, ஒரு கழிப்பறை, ரோட்டிலிருந்து தெரியாத ஒரு பக்க வாசல் போதும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்கும் அதே நேரத்தில் இன்னொரு அறை கிடைத்தால் ரொம்ப நல்லது. தனியாக வர மாட்டேன் என்கிற பெண்கள் கணவரோடு வந்துவிடுவார்கள்.

கூட்டத்துக்கு வரும் உங்கள் சபைக்காரர் ஒருவர் சறுக்கிவிட்டார் என்று தெரிய வந்தால், திருவிருந்திலிருந்து நீக்குவது பற்றிக் கமிட்டியில் பேசும் முன், அவர் கடைசியாக எப்போது குடித்தார், காலையில் நடுக்கம் உண்டா என்று கேளுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் எது அன்று அவரிடம் இருந்தது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது இருக்கும். அடுத்த கூட்டத்துக்குக் கூடவே நடந்து போய் வாசல் வரை விட்டுவிட்டு வாருங்கள்.

சாவி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), கல்யாண வரவேற்பு, கமிட்டிக் கூட்டம் என்று எது வந்தாலும் அந்த வார நாளை மாற்றாதீர்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. இரண்டு சாவி போடுங்கள். ஒன்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடமும் இன்னொன்று அவர்களில் மூத்தவரிடமும் இருக்கட்டும்.